மூவாயிரம் பவுண்டில் தொடங்கி மீனில் முடிந்த கணக்கு

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். மழை பிடித்துக்கொண்டதில் அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு சீரியல் பார்க்கிறாள்.

இங்கிலாந்தின் சாட்டன் கிராமத்தில் நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் இருந்த வீட்டில் நீ எடுத்து அனுப்பிய மேசைப் படத்தை நாலைந்து தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். பன்னிரண்டு பட்டை, நடுவில் ஒற்றைத் தண்டு. நம் பூஜை அறையில் விளக்கு வைக்கும் முக்காலிகூட அதைவிட அகலம் என்று தோன்றுகிறது. அதன்மேல் காகிதத்தை வைத்துக்கொண்டா அவர் எழுதினார்!

படத்தை அனுப்பிவிட்டு போனில் ஒன்று சொன்னாய். "ஆறு நாவல்ப்பா, ஆறும் கல்யாணத்துலதான் முடியுது. இதுல என்ன சமூக விமர்சனம்னு எல்லாரும் கொண்டாடுறாங்க?" உனக்கு லஞ்ச் முடிகிற நேரம், எனக்குச் சட்டென்று பதிலும் வரவில்லை. சரி, எழுதியே சொல்வோம் என்று உட்கார்ந்தேன். இன்னொரு விஷயமும் உன்னிடம் கேட்க வேண்டியிருக்கிறது. அது கடைசியில்.

உன் புகார் புதிதில்லை. இன்னொரு ஆங்கில நாவலாசிரியர் ஷார்லட் பிராண்டி 1848-லேயே கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார்: வேலி கட்டி அழகாகப் பராமரித்த தோட்டம், ஆனால் வெட்டவெளியும் இல்லை, காற்றும் இல்லை என்று. அவர் பெரிய ஆள், சொல்லலாம். நான் இலக்கியம் படித்தவன் இல்லை. நீ ஹாஸ்டலுக்குப் போகும்போது வீட்டில் போட்டுவிட்டுப் போன 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்'ஸை பேங்கில் சாப்பாட்டு நேரத்தில் படித்தவன். முப்பத்தைந்து வருஷம் லெட்ஜர் பார்த்த கண்ணுக்கு முதலில் பட்டது காதல் இல்லை, தொகை. அந்தப் புத்தகத்தில் ஒரு ஆளின் மூக்கு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாது. வருமானம் தெரியும். நாயகன் டார்ஸிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுண்ட். அவன் நண்பன் பிங்லிக்கு நாலைந்தாயிரம். நாயகி எலிசபெத் பிறந்த பென்னெட் வீட்டுக்கு எஸ்டேட்டிலிருந்து இரண்டாயிரம், ஆனால் அது ஆண் வாரிசுக்கு மட்டும் போகும்படி கட்டிப்போட்ட சொத்து. அப்பா கண்ணை மூடினால் ஐந்து பெண்களும் அம்மாவும் வெளியே, எங்கேயோ இருக்கும் சொந்தக்காரன் காலின்ஸ் உள்ளே.

அந்தக் காலின்ஸ் எலிசபெத்திடம் கல்யாணப் பேச்சு எடுக்கும் இடம் ஞாபகம் இருக்கிறதா? உன் பங்கு ஆயிரம் பவுண்ட், நாலு சதவீத வட்டி, அதுவும் உன் அம்மா காலத்துக்குப் பிறகுதான், அதைப் பற்றி நான் ஒருநாளும் குத்திக்காட்ட மாட்டேன் என்கிறான். பெண் கேட்க வந்தவன் பேலன்ஸ் ஷீட் வாசிக்கிறான்! படித்துவிட்டு சலான் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். எலிசபெத்துக்கு வருஷத்துக்கு நாற்பது பவுண்ட். டார்ஸிக்கு ஒரு நாளைக்கே இருபத்தேழு. அப்புறம் அந்த நாவலைக் காதல் கதையாக மட்டும் என்னால் படிக்க முடியவில்லை.

கடலூர்க்காரன் என்கிற உரிமையில் இன்னொன்று. ஆஸ்டினின் சொந்த அத்தை கல்யாணம் பண்ணிக்கொண்டது நம் ஊரில், தெரியுமா? ஃபிலடெல்ஃபியா என்று பெயர். அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள். தம்பி ஜார்ஜ், அதாவது ஜேனின் அப்பா, டன்பிரிட்ஜ் பள்ளிக்கூடம் போய், ஆக்ஸ்ஃபோர்டு போய், பாதிரியாராகி உட்கார்ந்தார். அக்காவை லண்டன் கோவென்ட் கார்டனில் தொப்பி தைக்கும் கடையில் வேலை பழக விட்டார்கள். 1752-ல், இருபத்தோரு வயதில், அவள் தனியாகக் கப்பலேறினாள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இருக்கும் ஊரில் வெள்ளைக்காரப் பெண்கள் குறைவு, போனால் மாப்பிள்ளை கிடைக்கும் என்பதுதான் திட்டம். மாதக்கணக்கில் கடல். 1753 பிப்ரவரியில் கடலூரில் கல்யாணம். மாப்பிள்ளை ஹேன்காக், கம்பெனியின் சர்ஜன், செயின்ட் டேவிட் கோட்டையில் வேலை. தேவனாம்பட்டினம் பக்கம் வாக்கிங் போகும்போதெல்லாம் கோட்டையில் மிச்சமிருக்கும் சுவரைப் பார்த்து அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்வேன். அந்த வெயிலில், முன்பின் தெரியாத ஒருவனோடு.

ஜேன் இதை மறக்கவில்லை. பதினாறு பதினேழு வயதில், 1792-ல், 'கேதரின்' என்று ஒன்றை எழுதிப் பாதியில் விட்டிருக்கிறார். அதில் பாதிரியார் மகள் ஒருத்தி, அப்பா அம்மா செத்தபின் சொந்தக்காரர் செலவில் வங்காளத்துக்கு அனுப்பப்படுகிறாள். போனதுமே கல்யாணம். பணத்துக்குக் குறைவில்லை, சந்தோஷம்தான் இல்லை. புருஷனுக்கு இவளைப் போல இரண்டு மடங்கு வயது. அதிர்ஷ்டக்காரி என்று ஒரு பணக்காரத் தோழி சொல்ல, கேதரின் பொரிந்து தள்ளுகிறாள்: அவன் குணம் எப்படி என்று தெரிந்துகொள்ளும்போது, தெரிந்து பிரயோஜனம் இல்லாத நிலைக்கு அவள் போய்விட்டிருப்பாளே, அவன் கொடுமைக்காரனோ முட்டாளோ யாருக்குத் தெரியும் என்று. வேலி போட்ட தோட்டமாம்!

இனி நான் சொல்ல வந்த இடம். 'சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி', இரண்டாவது அத்தியாயம். ஏழெட்டுப் பக்கம்தான் இருக்கும், அவர் எழுதியதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது, படிக்கப் பயமாக இருப்பதும் அதுவேதான்.

சாகும் தறுவாயில் அப்பா மூத்த தாரத்து மகன் ஜான் டேஷ்வுட்டைக் கூப்பிட்டு, உன் சித்தியையும் மூன்று தங்கைகளையும் பார்த்துக்கொள் என்கிறார். ஜானுக்கு ஏற்கெனவே அவன் அம்மா வழிச் சொத்து, பெண்டாட்டி வழிச் சொத்து. இப்போது நார்லண்ட் எஸ்டேட்டும். அவனும் கெட்டவன் இல்லை. தங்கைக்கு ஆயிரம் வீதம் மூவாயிரம் பவுண்ட் கொடுத்துவிடலாம் என்று மனதுக்குள் முடிவு பண்ணி, தன் தாராளத்தைத் தானே நினைத்து நினைத்துப் பூரிக்கிறான். அப்புறம் மனைவி ஃபேனி பேச ஆரம்பிக்கிறாள். நம் ஒரே பிள்ளையின் வாயிலிருந்து பிடுங்கியா கொடுப்பது? சரி, ஆளுக்கு ஐந்நூறு. ஆகா, கூடப் பிறந்த தங்கைக்கே எந்த அண்ணன் இவ்வளவு செய்வான், இவர்கள் பாதி ரத்தம்தானே! சரி, மொத்தமாக வேண்டாம், சித்திக்கு வருஷத்துக்கு நூறு. ஐயோ, வருஷாந்திரமா? அதை வாங்குகிறவர்கள் சாகவே மாட்டார்கள், உங்கள் சித்திக்கு நாற்பதுகூட ஆகவில்லை, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். சரி, அப்போதைக்கப்போது ஐம்பது. கடைசியில் ஃபேனி சொல்கிறாள்: உங்கள் அப்பா பணத்தையே மனதில் வைத்துச் சொல்லியிருக்க மாட்டார். வீடு பார்த்துக் கொடுப்பது, சாமான் ஏற்ற உதவுவது, பருவத்துக்கு மீனும் வேட்டை இறைச்சியும் அனுப்புவது, இதைத்தான் சொல்லியிருப்பார்.

மூவாயிரம் பவுண்ட் மீனாகிவிட்டது. ஜானுக்கும் திருப்தி. அப்பா சொன்னதற்கு அர்த்தம் இப்போதுதான் விளங்குகிறது என்கிறான். அதோடு ஃபேனி நிற்கவில்லை, அவர்கள் எடுத்துப்போகும் பீங்கான் செட் நம்முடையதைவிட ரொம்ப அழகு என்று வேறு அங்கலாய்க்கிறாள்.

இதைப் படிக்கிறவர்கள் எல்லோரும் ஃபேனியைத் திட்டுவார்கள். நானும் முதல் தடவை திட்டினேன். இரண்டாம் தடவை படித்தபோதுதான் கவனித்தேன், ஒவ்வொரு தொகையையும் குறைத்துச் சொல்வது பெரும்பாலும் ஜான். அவள் காரணம் மட்டும்தான் கொடுக்கிறாள். அந்த வீட்டில் எதுவும் அவள் பெயரில் எழுதிக்கொடுக்க முடியாது, புருஷன் காது ஒன்றுதான் அவளுக்கு இருக்கும் அதிகாரம், அதைப் பயன்படுத்துகிறாள். தன்னை யாராவது தடுக்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் அவன்.

கயல், இந்த அத்தியாயத்தில் மீன் வந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏன் என்று இத்தனை வருஷமாக உன்னிடம் சொன்னதில்லை.

இந்த வீடும் பக்கத்துக் காலி மனையும் உன் தாத்தா சுயமாகச் சம்பாதித்தது. அவர் உயில் எழுதவில்லை. பாட்டி அதற்கு முன்பே போய்விட்டார். சட்டப்படி எனக்குப் பாதி, பண்ருட்டி அத்தைக்குப் பாதி. 1987-ல் உன் அத்தை வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். அவள் பங்குக்கு ஈடாக நாற்பதாயிரம் கொடுத்துவிட வேண்டும் என்று நான் நிஜமாகவே நினைத்திருந்தேன். லோன் போட்டால் வட்டி கட்ட வேண்டுமே என்று இருபதாக்கினேன். அப்புறம் அவள் பிள்ளைக்குக் காதுகுத்து வரும், தாய்மாமன் சீராகச் செய்துவிட்டால் போயிற்று என்று தோன்றியது. செய்தேன், இரண்டு பவுன். அதற்குப் பிறகு தீபாவளிக்குப் புடவை. துறைமுகத்தில் நல்ல வஞ்சிரம் வந்தால் ஐஸ் போட்டுக் கட்டி பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுப்பேன். "அண்ணன் மாதிரி யாரு செய்வா" என்று அக்கம்பக்கத்தில் அவள் சொல்லிக்கொள்வாள், எனக்கும் கேட்க நன்றாக இருக்கும்.

பழி போட எனக்கு ஃபேனிகூட இல்லை. உன் அம்மா அன்றைக்கு வாயே திறக்கவில்லை. இரண்டு வேஷமும் நானே கட்டினேன்.

பத்திரம் எழுதும்போது பேச்சுக்கு ஒரு தடவை, "உனக்கு எதுவும் வேணுமாம்மா?" என்று கேட்டேன். "வேண்டாண்ணா" என்றாள். காலின்ஸ் கதையில் எலிசபெத் திரும்பத் திரும்ப வேண்டாம் என்கிறாள், கௌரவமான பெண்கள் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவன் அதை வேணும் என்று எடுத்துக்கொள்கிறான். நான் உன் அத்தை சொன்ன வேண்டாமை அப்படியே எடுத்துக்கொண்டேன். அவரவருக்கு எது வசதியோ அது காதில் விழுந்தது.

எலிசபெத்தின் தோழி சார்லட் லூக்கஸை நீ காலேஜில் படிக்கும்போது திட்டித் தீர்த்தாய். எலிசபெத் தள்ளிவிட்ட காலின்ஸை மூன்று நாள்கூட ஆகாமல் பிடித்துக்கொண்டாள், வெட்கமில்லாதவள் என்று. இருபத்தேழு வயது, சொத்து கிடையாது, அழகி என்றும் யாரும் சொன்னதில்லை. தனக்கு வேண்டியது வசதியான ஒரு வீடு, அவ்வளவுதான் என்று அவளே சொல்லிவிடுகிறாள். கல்யாணத்துக்கு அப்புறம் எலிசபெத் அவள் வீட்டுக்குப் போகிறாள் அல்லவா, அந்த இடத்தை மறுபடி எடுத்துப் படி. முன்பக்கம் ரோட்டைப் பார்த்த அறை காலின்ஸுடையது. சாப்பாட்டு அறை பெரிது, அங்கிருந்து பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் சார்லட் தான் உட்காருவதற்குப் பின்பக்கத்து அறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். ஏன் என்று எலிசபெத்துக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் விளங்குகிறது: இவள் அறையும் அதே மாதிரி கலகலப்பாக இருந்தால் அவன் எழுந்து இங்கே வந்துவிடுவான்! தோட்ட வேலை உடம்புக்கு நல்லது என்று அவனை அதிலும் முடிந்தவரை ஊக்கப்படுத்துகிறாள். ஒரு அறையும் நாளைக்குச் சில மணி நேரமும் சம்பாதிக்க ஒரு பெண் எவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது பார். இதைச் சொல்லும்போது ஆஸ்டின் குரலை உயர்த்துவதில்லை, சார்லட்டைக் கேலியும் செய்வதில்லை.

அதே இருபத்தேழு வயது நெருங்கும்போது, 1802 டிசம்பரில், ஜேனையே ஒருவன் கேட்டான். ஹாரிஸ் பிக்-விதர், பெரிய எஸ்டேட்டுக்கு வாரிசு. மாலையில் சரி என்றார், மறுநாள் காலையில் முடியாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். இரண்டு வருஷம் கழித்து 1805 ஜனவரியில் அப்பா இறந்தார். அப்புறம் அம்மாவும் அக்காவும் இவரும் அண்ணன் தம்பிகள் ஆளுக்கு ஐம்பது நூறு என்று போட்ட பணத்தில் ஓட்டினார்கள். நீ இருக்கும் சவுத்தாம்ப்டனில்கூட அந்தக் காலத்தில்தான் கொஞ்ச நாள் இருந்தார்கள். 1809-ல்தான் அண்ணன் எட்வர்ட் சாட்டன் வீட்டைக் கொடுத்தார். அவரைப் பணக்கார உறவினர் தத்தெடுத்திருந்ததால் அவருக்கு எஸ்டேட்டே இருந்தது. நீ பார்த்துவிட்டு வந்த மேசை அண்ணன் தயவில் கிடைத்த கூரைக்குக் கீழே இருந்த மேசை. 1817-ல், சாவதற்குச் சில மாதம் முன்னால், அண்ணன் மகளுக்கு எழுதுகிறார்: கல்யாணமாகாத பெண்களுக்கு ஏழையாகிவிடும் ஒரு பயங்கரக் கெட்ட பழக்கம் உண்டு, கல்யாணத்துக்கு ஆதரவாக அது ஒரு பலமான வாதம். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

கல்யாணம் பண்ணிக்கொண்டாலும் என்ன? கையில் இருக்கும் பணம், சம்பாதிக்கும் கூலி எல்லாம் அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி புருஷனுக்கு. அதை மாற்றிய சட்டங்கள் 1870-லும் 1882-லும்தான் வந்தன. அவர் போய் ஐம்பது அறுபது வருஷம் கழித்து. முதல் புத்தகத்தில் பெயர்கூட இல்லை, 'ஒரு சீமாட்டி எழுதியது' என்றுதான் 1811-ல் வெளிவந்தது. நஷ்டம் வந்தால் தன் தலையில் என்று ஒப்புக்கொண்டு போட்டார், 140 பவுண்ட் லாபம். உன் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' உரிமையை 110 பவுண்டுக்கு மொத்தமாக விற்றுவிட்டார். அப்புறம் எத்தனை பதிப்பு வந்தாலும் அவருக்கு ஒன்றும் கிடையாது. பேங்க்காரன் வயிறு எரிகிறது.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை. சமையல்காரிக்கு அவர் கதையில் வாய் கிடையாது. 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்'கில் மாமா வீட்டில் வளரும் பெண் பிள்ளை அடிமை வியாபாரத்தைப் பற்றி மாமாவிடம் கேட்டாளாம், வீடே அமைதியாகிவிட்டதாம். மாமாவுக்கு ஆன்டிகுவா தீவில் தோட்டம். அந்த அமைதியோடு ஆஸ்டினும் நின்றுவிடுகிறார். இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் 'பெர்சுவேஷன்' கடைசியில் ஆன் எலியட் சொல்வதை யோசித்துப் பார். பெண்கள் மனசு மாறுகிறவர்கள் என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறதே என்று கப்பல் கேப்டன் கேட்கிறார். புத்தகத்தைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள், படிப்பும் உங்களுக்கு, பேனாவும் உங்கள் கையில் என்கிறாள். 1987-ல் உன் அத்தை கையிலும் பேனா இருந்தது, கையெழுத்துப் போடும் வரைக்கும்.

இப்போது கேட்க வேண்டியது. கிழக்குப் பக்கக் காலி மனை, நாலு சென்ட். அதை அத்தை பெயருக்கு செட்டில்மென்ட் எழுதலாம் என்றிருக்கிறேன். பத்திர எழுத்தரிடம் விசாரித்தாயிற்று, தை பிறந்ததும் பதிவு பண்ணலாம் என்றார். எனக்குப் பிறகு உனக்கு வர வேண்டியதில்தான் அது குறையும், அதனால் உன்னைக் கேட்காமல் செய்யக் கூடாது. நீ மறுத்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன், காரணத்தை மட்டும் எழுது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் முழுக்க என் மண்டைக்குள் ஃபேனி பேசிக்கொண்டிருக்கிறாள்: நாலு எதற்கு, இரண்டு சென்ட் போதாதா, இப்போது மனை என்ன விலை போகிறது தெரியுமா என்று. அதனால் சீக்கிரம் பதில் போடு.

அம்மாவிடம் சொன்னேன். சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமல், "முப்பத்தெட்டு வருஷமா எதுக்குக் காத்திருந்தீங்க?" என்றாள். புதன்கிழமை பண்ருட்டிக்குப் போய் அத்தையிடம் நேரில் பேசப் போகிறேன். இந்தத் தடவை கையில் மீன் எடுத்துப் போகப் போவதில்லை என்றும் சொன்னேன். அவளுக்கு அது ஏன் என்று புரியவில்லை. "அது வேற, இது வேற. வஞ்சிரம்னா அவளுக்கு உசிரு, வாங்கிட்டுப் போங்க" என்கிறாள்.

குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா